ஊர்க் கிணறும் வீட்டுக் கடலும்

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு வீட்டு மீன் தொட்டியில் ஊற்றக் கடல் ஜலம் அகப்படவில்லை என்றால் நேயர்களுக்கு நகைப்பாகவே இருக்கும். ஆனால் மீஞ்சூரில் உண்மை நிலைமை அதுதான். எண்ணூர்க் கரையில் வாளியை அமிழ்த்தினால் உப்பு நீர் கிடைக்கும். மீன் வாழத் தகுந்த நீர் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்தை அடுத்து இரண்டு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்திலேயே எண்ணெய் படர்ந்தது. அனல் மின் நிலையங்களின் சாம்பலும் ஆலைக் கழிவும் அந்நீருக்குப் புதியவை அல்ல.

“நம் ஊர்க் கிணறே உப்புக் கரிக்கிறதே, அதை ஊற்றினால் என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததனால் மீஞ்சூர்ப் பகுதியின் மண்ணுக்கடியில் கடல் நீர் புகுந்துவிட்டது. 1969-ஆம் ஆண்டிலேயே இது கண்டறியப்பட்டது. ஆயினும் உப்புக் கரிப்பதெல்லாம் கடல் ஜலம் ஆகிவிடாது. கடல் நீரில் ஒவ்வோர் உப்பும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கிறது. மண்ணுக்குள் ஊறிய நீரில் அந்த விகிதம் மாறிப் போகிறது. இரும்பும் நைட்ரேட்டும் வேறு சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே கடல் மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் உப்பே இல்லாத நீரைத் தேட வேண்டும். பிறகு அதில் அளந்து உப்பிட வேண்டும். இந்த வேடிக்கைக்கு மீஞ்சூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2010 ஜூலை 31-இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்ட ஆலை, கடல் நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் ஆக்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அந்த ஆலை கடலைக் குடிநீராக்க எழுந்தது. மீன் வளர்ப்பவரோ குடிநீரைக் கடலாக்குகிறார்!

குடிக்க ஏற்ற ஜலம் மீனுக்கு ஆகாதா? பவழப் பாறைகளைச் சுற்றியுள்ள கடலின் இயல்பை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். அந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துக்கள் அதில் மிகச் சொற்பம். குழாய் நீரிலோ கிருமிகளைக் கொல்லச் சேர்த்த குளோரின் இருக்கிறது. அது மீனின் செவுள்களையும் விட்டுவைப்பதில்லை. பாஸ்பேட்டும் சிலிகேட்டும் இருந்தால் தொட்டி முழுவதும் பாசி படர்ந்துவிடும். செம்பு அணுவளவு கலந்தாலும் இறால், நத்தை முதலிய சிறு பிராணிகள் மடியும். எனவே இந்த நீரைப் பித்தளைக் குடத்திலோ செப்புத் தவலையிலோ பிடித்து வைத்தல் ஆகாது. பிளாஸ்டிக் வாளியே உத்தமம்.

ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகலும். ஆனால் கரைந்த உப்புக்கள் அகலா. காய்ச்சினாலும் பயனில்லை. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைக் காறை படிவதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. வெயிற் காலத்தில் தினம் இரண்டு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள குழாய் நீரால் அந்தக் குறையை நிரப்பினால், ஒரு வருஷத்தில் 365 கிராம் வேண்டாத வஸ்துக்கள் தொட்டியில் சேர்ந்துவிடும். ஆதலால் ஆவியான அளவுக்கு உப்பற்ற சுத்த ஜலத்தையே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீரை மேலும் ஒரு பிசின் வடிகட்டியில் செலுத்தி, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை சுத்தி செய்வதே நிபுணர் வழக்கம்.

அந்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், கடல் தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் உப்பைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீஷியம் முதலியவற்றின் பெரும் பகுதி கழிநீரோடு போய்விடுகிறது. சுத்த ஜலம் கிடைத்த பிறகும் அவசரப்படலாகாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய விஷம். அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீன் விடாமலிருப்பதே ஜீவகாருண்யம்.

பவழத்தை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவழங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சுற்றியுள்ள பவழம் அங்கேயே இருக்கட்டும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அதை வெட்டி அழித்தது போதும். மீன்களிலும், பண்ணையில் பிறந்தவற்றைக் கேட்டு வாங்குவது நலம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். கொளத்தூர்க் கடைகளுக்குச் செல்வோர், மீன் எங்கே பிறந்தது என்று விசாரிக்கத் தயங்க வேண்டாம்.

இறுதியாக, நம் ஊருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் சுத்த ஜலத்துக்கு மூன்று குடம் வரையில் கழித்துத் தள்ளக்கூடும். கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊரில் அதை வீணாக்குதல் தகாது. தரை கழுவவும் கழிவறைக்கும் அது போதும். கிணற்று நீரிலிருந்து கழிந்ததாயின், உப்பு மிகுந்திருக்கும் ஆதலால் செடிகளுக்கு வேண்டாம். தொட்டியிலிருந்து மாற்றும் கடல் நீரிலோ இன்னும் கவனம் தேவை. வாரம் பத்து லிட்டர் என்றால் 350 கிராம் உப்பு. வருஷத்துக்குப் பதினெட்டுக் கிலோ! அதைக் கொல்லையிலோ கிணற்றடியிலோ கொட்டினால், ஏற்கெனவே கடல் புகுந்த நிலத்தடி நீருக்கு நாமும் நம் பங்கு உப்பைச் சேர்த்தவர்களாவோம். சாக்கடைக் குழாயில்தான் அதை விட வேண்டும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுப்போமாக. வீட்டில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அவர்களே.