ஆக்‌ஷன் காமிக்ஸ், முதல் இதழ்: அட்டைச் சித்திரம்

அமெரிக்கா, ஜூன் 1938. விலை 10 சென்ட்.

ஜெர்ரி சீகல் கதை புனைய, அவருடைய பள்ளித் தோழர் ஜோ ஷஸ்டர் சித்திரம் தீட்ட, சூப்பர்மேன் என்னும் அதிமானுட வீரன் வாசக உலகுக்கு முதன்முதலாகத் தரிசனம் தந்தது இவ்வட்டையிலேதான். மஞ்சள் ஒளி வெடித்துப் பரவும் பின்னணியில், செந்நிற மேலங்கி காற்றில் விரிய, பச்சை மோட்டார் கார் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கி, அதன் முகப்பு நொறுங்கிச் சிதறும்படி பாறையில் மோதுகிறான் அவன். இடப்புறக் கீழ்க்கோடியில், தலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நம்மை நோக்கி ஓடிவரும் மனிதனின் முகத்தைச் சற்று நின்று பாருங்கள்; வீரனின் புஜபலத்தைக் காட்டிலும் அந்தப் பீதியே இச்சித்திரத்தின் ஜீவன். சித்திரத்துக்கு உயிரூட்டும் வர்ணங்கள் அனைத்தும் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்னும் நான்கே மைகளின் சேர்க்கையில் பிறந்தவை.

இவ்வீரனின் சர்வ உரிமைகளையும் படைப்பாளர் இருவரும் 130 டாலருக்குப் பதிப்பகத்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டனர்.