விவாகரத்துப் பத்திரம் தேடும் வழி

முறிந்த விவாகத்தின் பத்திரம் எவருக்குப் பயன்படும் என எண்ணுதல் வேண்டா. அமெரிக்காவிலே பத்தாண்டுகளேனும் இல்லறம் நடத்திப் பிரிந்த மாது, மறுமணம் செய்யாதிருப்பின், முதுமையில் முன்னைக் கணவரின் உழைப்பை ஆதாரமாகக் கொண்டு சமூகப் பாதுகாப்புப் பணம் கோரலாம். அதற்கு விவாகரத்துத் தீர்ப்பு சான்றாகும்.

டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கவுண்டி எனப்படும் நிருவாகப் பிரிவுகள் 254 உள்ளன. 1968ஆம் ஆண்டு முதலான விவாகரத்துக்களின் அட்டவணையை மாநில அரசு பேணுகிறது. எந்தக் கவுண்டியில், எந்நாளில் பிரிவு நிகழ்ந்தது என அதனைப் பார்த்துக் கடிதம் தருவர். தீர்ப்பின் பிரதியைத் தாரார். அது வழக்கு நடந்த கவுண்டியின் மாவட்ட நீதிமன்ற இலிகிதரிடமே உண்டு. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 64 பேரே வாழ்ந்த லவிங் கவுண்டியில், நீதிமன்றப் பதிவுகளுக்கும் காணிப் பதிவுகளுக்கும் இலிகிதர் ஒருவரே.

விண்ணப்பத்தில் இருவரது பெயர்களையும், பிரிவு நிகழ்ந்த ஆண்டையும், தெரிந்தால் வழக்கிலக்கத்தையும் எழுதி, முத்திரையிட்டு உறுதிசெய்த பிரதியைக் கேட்டல் வேண்டும். மணம் நடந்த ஊரில் தேடுவோர் வெறுங்கையுடன் மீளக்கூடும். பிரிவு தீர்ப்பான ஊரே பத்திரம் உள்ள ஊர்.