டெலீட் பண்ணிட்டீங்க... ரீசைக்கிள் பின்னைப் பார்த்தீங்களா?

ஓசூர் சிப்காட்ல வேலைக்கு அப்ளை பண்ண, பிரவுசிங் சென்டர்ல ரெஸ்யூமையும் ஆதாரையும் டவுன்லோடு செஞ்சு பிரின்ட் எடுக்கிறீங்க. கையோடு டெலீட்டும் பண்ணிடுறீங்க. நல்ல பழக்கம்தான். ஆனா, ஃபைல் இன்னும் ரீசைக்கிள் பின்லதான் இருக்கு. அடுத்து அந்த சீட்டுக்கு வர்றவர் 'ரீஸ்டோர்' கொடுத்தா, உங்க ஆதார் அவர் கையில!

1995-ல் விண்டோஸ் 95-வோடு வந்த இந்த வசதி, கைதவறி அழிச்சதை மீட்கத்தான். சொந்த கம்ப்யூட்டர்ல அது இருக்கட்டும். வெளியில, ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே டெலீட் கொடுங்க, பின்னுக்குப் போகாது. அப்பவும், அந்த இடத்துல வேற ஃபைல் பதிவாகும்வரை ரெக்கவரி சாஃப்ட்வேர் தோண்டி எடுத்துடலாம்.

அதனால டவுன்லோடு வேலையை வீட்டிலேயே முடிச்சு, பென் டிரைவ்ல இருந்தே பிரின்ட் கொடுங்க. கம்பெனி ஏத்துக்கிட்டா, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுற 'மாஸ்க்டு ஆதார்' இன்னும் நல்லது. கிளம்புறப்போ ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் ரெண்டையும் லாக் அவுட் பண்ணிடுங்க.