அரூப ஓவியமும் ஓப்பநாயக்க வீட்டுச் சுவரும்

ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு பொருளின் மேற்பரப்பைக் கையாலும் கண்ணாலும் படித்தறியும் வித்தை பரம்பரைச் சொத்தாகவே வாய்த்திருக்கிறது. வாடப் போட்ட கொழுந்தில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிவிட்டு, அது விரிந்து கொடுக்கும் விதத்தைக் கொண்டே வாட்டம் போதுமா, போதாதா என்று ஸ்டோரில் சொல்லிவிடுகிறார்கள். புகையூட்டி எடுத்த இறப்பர்த் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி உண்டா, பூசணம் உண்டா என்று ஆராய்ந்து தரம் பிரிக்கிறார்கள். மாணிக்கக் குழியில் அரித்தெடுத்த கல்லை ஈரத்தோடு விரலால் தடவிச் சூரியனை நோக்கித் திருப்பிப் பார்க்கிறார்கள். இவ்வாறு ஸ்பரிசமும் பார்வையும் ஒருங்கே பழகிய ஜனங்கள், நகரத்துச் சித்திரசாலை ஒன்றில் அரூப ஓவியத்தின் முன் நிற்க நேரும்போது மட்டும், ‘இது படித்தவர்களுக்கு உரியது, நமக்கு விளங்காது’ என்று சங்கோசத்தோடு விலகிப் போவது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. ஏனெனில் அந்த ஓவியம் தன்னைப் பார்க்க வருபவரிடம் எதிர்பார்க்கும் முதல் யோக்கியதை, அவர்கள் அன்றாடம் ஸ்டோரிலும் குழியிலும் காட்டுகின்ற அந்தக் கூர்மையான கவனமேயாகும்.

மனிதன், மரம், மலை முதலிய ரூபங்களைப் பிரதி செய்யாமல், வர்ணத்தையும் கோட்டையும் பரப்பையுமே விஷயமாகக் கொண்டு தீட்டப்படுவது அரூப ஓவியம். அதில் வர்ணத்தைக் கனமாக அப்பியும், மணலும் மரத்தூளும் சலவைக்கல் பொடியும் பசையோடு குழைத்துப் பூசியும், காய்ந்ததைச் சுரண்டியும், மேடுபள்ளம் தோன்றச் செய்யும் வகை ஒன்று உண்டு. ‘இதில் என்ன வரைந்திருக்கிறது?’ என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. மலைக்கு அப்பாலிருந்து தப்புச் சத்தம் கேட்கும்போது, அதில் ஒரு சொல்லும் இல்லாதிருந்தும், அது சாவுக்கு அடிக்கிற அடியா, திருவிழாவுக்கு அடிக்கிற அடியா என்பதைத் தோட்டத்துச் சிறு பிள்ளையும் அறிந்துகொள்கிறதல்லவா? அடியின் கனமும் வேகமும் இடைவெளியும் அங்கே செய்கின்ற காரியத்தை, இங்கே வர்ணத்தின் கனமும் கத்தியின் வேகமும் வெறுமையாக விடப்பட்ட இடமும் செய்கின்றன.

வர்ணத்தைத் தடித்த பூச்சாக இடும் பழக்கம் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், முகத்தின் ஒளிபடும் பாகங்களிலும் நகைகளிலும் வர்ணத்தைக் குவித்து வைத்து, விளக்கொளி அதில் உண்மையாகவே பட்டுத் தெறிக்கும்படி செய்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான்கோவின் வயல்களும் வானமும் தூரிகைத் தடங்களாலேயே உழப்பட்டன. ஆயினும் உருவத்தை விட்டுப் பொருளையே பிரதானமாக்கும் துணிவு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஓங்கியது. இத்தாலிய இராணுவ வைத்தியரான அல்பெர்த்தோ புர்ரி, வட ஆபிரிக்காவில் சிறைப்பட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் முகாமில் காவலில் இருந்த காலத்தில் சித்திரம் எழுதத் தொடங்கி, 1950களில் பழைய கோணிச்சாக்குகளைக் கிழித்தும் தைத்தும் ஒட்டுப்போட்டும் ஓவியங்களாக்கினார். கொழுந்தெடுக்கப் போகும் நம் பெண்கள் பனியும் ஈரமும் படாதிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கும் அதே சாக்குத்துணிதான். அதன் நைந்த இழையையும் தையலையும் கண்டு வளர்ந்த ஒருவர், புர்ரியின் சாக்கின் முன் நின்றால் அதன் துயரத்தை உணர எந்த வியாக்கியானமும் தேவையிராது என்றே நம்புகிறேன்.

நம் மொழிக்கு நெருங்கிய உதாரணம் வேண்டுமாயின், ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லவேண்டும். திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 2008இல் மறைந்த அவரைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் காந்தியடிகளின் கோட்டுச் சித்திரங்கள் மூலமாகவும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு எழுதிய படங்கள் மூலமாகவும், புத்தக அட்டைகள் மூலமாகவுமே அறிவார்கள். உருவத்தைக் கோட்டுக்குள் அடக்குவதில் அத்தனை வல்லமை பெற்ற கை, பிற்காலத்தில் உருவத்தை முற்றிலும் துறந்து, தைல வர்ணத்தைக் கத்தியால் அகலமாக இழுத்து, மண்ணும் வானும் நீரும் என்று நாம் நினைத்துக்கொள்ளத் தக்க வர்ண வெளிகளைச் சிருஷ்டித்தது. வரையத் தெரியாதவர்களே அரூபத்தில் தஞ்சம் புகுகிறார்கள் என்னும் அபவாதத்துக்கு ஆதிமூலத்தின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான மறுப்பு வேறில்லை. அவர் பயின்ற கல்லூரியின் அதிபராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியதும், அங்கே கைவினைப் பொருள்களை விற்றுக் கலைஞர்கள் தங்கள் ஜீவனத்தைத் தேடிக்கொண்டதும் தனியே எழுதவேண்டிய கதை. பம்பாயிலும் பின்னர் டில்லியிலும் வாழ்ந்த அரூப ஓவியர் கைத்தொண்டேயோ உருளையாலும் கத்தியாலும் வர்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றியும் வழித்தெடுத்தும், ஆண்டுக்கு 5, 6 ஓவியங்களே முடித்தவர். 2001இல் அவர் காலமான பின், 2014இல் நியூயோர்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் காட்சியே நடத்தியது.

இனி, இத்தகைய ஓவியத்தைப் பார்க்கும் முறை. முதலில் பத்தடி தள்ளி நின்று வர்ணங்களின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்; பிறகு ஒரு முழத் தூரத்துக்கு நெருங்கி வாருங்கள். கத்தி இழுத்துச் சென்ற வர்ணம் முடிகிற இடத்தில் வரப்புப் போல ஒரு விளிம்பு எழும்பி நிற்கும்; அந்த விளிம்பின் நிழல் ஒரு கோடாக விழும்; அது ஓவியர் வரைந்த கோடன்று, சன்னல் வெளிச்சம் வரைந்த கோடு. சுரண்டப்பட்ட இடத்தில் அடியிலுள்ள சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். எது முதலில் பூசப்பட்டது, எது பிறகு வந்தது, எங்கே கை அவசரப்பட்டது, எங்கே நின்று யோசித்தது என்ற சரித்திரம் முழுவதும் அந்தப் பரப்பிலேயே பதிந்திருக்கிறது. ஈரக்கறை படிந்த சுவர்களை உற்று நோக்கினால் மலைகளும் யுத்தங்களும் தோன்றும் என்று லியோனார்டோ டாவின்சி தம் சீடர்களுக்கு அறிவுரை எழுதியது பிரசித்தம். நானோ, மலையையும் யுத்தத்தையும் தேடாமல் அந்தக் கறையின் சௌந்தரியத்திலேயே சற்று நேரம் தங்கும்படி வேண்டிக்கொள்வேன். வருஷா வருஷம் பூசிய சுண்ணாம்பு பொருக்காக உரிந்து, உள்ளிருக்கும் செம்மண் தெரிய, அடுப்புப் புகை அதன்மேல் ஏறியிருக்கும் பழைய லயத்துச் சுவர் ஒன்றை அப்படிப் பார்த்துப் பழகினால் அதுவே நல்ல பாடசாலை.

நிழல் ஓவியத்தின் ஒரு பாகம் என்பதனால்தான் அச்சுப் பிரதியில் இதன் உயிர் போய்விடுகிறது. புகைப்படத்தில் மேடும் பள்ளமும் சமதரையாகிவிடும். ஆகவே, பெரிய அச்சுப் படம் ஒன்றை வாங்குவதைவிட, இளம் ஓவியர் ஒருவர் தம் கையால் செய்த ஓரடிச் சதுர ஓவியத்தை வாங்குவது எவ்வளவோ மேல். இந்த ரசனைக்கு மாளிகை தேவையில்லை. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவிலும், சுவாமி படங்களுக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் மாலையிட்ட முன்னோர் படத்துக்கும் உரிய சுவரை அவற்றுக்கே விட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் ஒன்றே ஒன்றைத் தனியாக மாட்டலாம். பக்கத்தில் நாட்காட்டியும் கடிகாரமும் நெருக்கினால் அது மூச்சுத் திணறிப் போகும். வீடும் சித்திரசாலையும் ஒன்றாக இயைவதைக் காண விரும்புவோர் கொழும்பில் பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் மன்றத்துக்குச் செல்லலாம். 1943இல் தோன்றிய ‘43 குழு’வைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. அங்குள்ளவை பெரும்பாலும் உருவ ஓவியங்களே என்றாலும், வீட்டு அறைகளில், வீட்டு வெளிச்சத்தில், நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே ஓவியம் எவ்வாறு குடியிருக்கிறது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும், இது முக்கியம். சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் ஒளி முகத்தில் அறைந்து மேடுபள்ளத்தை அழித்துவிடும். சன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டினால் காலையில் ஒரு சித்திரமும் மாலையில் வேறொரு சித்திரமும் காணக் கிடைக்கும். ஆனால் நேர்வெயில் படலாகாது. சித்திரசாலைகளில் ஓவியத்தின் நடுப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்குமாறு மாட்டுவது வழக்கம். அது நின்று பார்ப்பவருக்கு உரிய அளவு. பாய் விரித்து உட்காரும் வீட்டில் அதைத் தாராளமாகக் கீழே இறக்கலாம்.

நம் பிரதேசத்தில் வெயிலைவிடப் பெரிய சத்துரு ஈரம். இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. ஓப்பநாயக்கவும் அந்த ஈரத்துக்குத் தப்பியதன்று. சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும், அடுப்படியை ஒட்டிய சுவரிலும், இஸ்தோப்பிலும் மாட்டுவதைத் தவிர்த்து, இரு காம்பராக்களுக்கு இடைப்பட்ட உட்சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் விரல் கனத்துக்குச் சிறு இறப்பர்த் துண்டுகளை ஒட்டிவிட்டால், சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று ஓடும். பின்புறம் பூசணம் பிடிக்காது. மணலும் பசையும் ஏறிய ஓவியம் பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனமானது. ஆதலால் ஒற்றை ஆணியை நம்பாமல் இரண்டு ஆணிகளில் தொங்கவிடுவது உத்தமம்.

பள்ளங்களில் தூசு சேரும். ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த, மிருதுவான தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டினால் போதும். தைல வர்ணம் கனமாகப் பூசப்பட்டிருந்தால், மேலே தோல் கட்டிக் காய்ந்ததுபோல் தோன்றினும் உள்ளே உலர மாதங்கள் செல்லும். அக்ரிலிக் வர்ணம் அதைவிட மிக விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே புதிய தைல ஓவியத்தைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் அதன் முகத்தில் பொலித்தீனோ கடதாசியோ படாதவாறு பெட்டிக்குள் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லவேண்டும். குமிழித் தாளைச் சுற்றினால் அந்தக் குமிழிகளே வர்ணத்தில் அச்சாகிவிடும். எப்போதாவது ஒரு சில்லு உதிர்ந்து விழுந்தால், கண்ட பசையைப் பூசித் தாமே ஒட்ட முயலாமல், அதை ஒரு கடித உறையில் போட்டு, விழுந்த இடத்தையும் குறித்து வைத்து, எழுதிய ஓவியரிடமே கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.