கடற்பஞ்சும் நுண்மருந்தும்

மன்னார்க் கடல் என்றதும் முத்தே நம் நினைவுக்கு வரும். 1902 ஆம் ஆண்டில் இக்கடலின் முத்துப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், சிப்பிகளோடு கடற்பஞ்சுகளையும் திரட்டிச் சென்றார். டெண்டி என்னும் அறிஞர் அவற்றை வகைப்படுத்தி 1905 இல் அறிக்கை வெளியிட்டார்.

முத்துக்குரிய மதிப்பு கடற்பஞ்சுக்கு என்றும் இருந்ததில்லை. ஆயினும், புற்றுநோய் மருத்துவத்துக்கு வழிகாட்டியது அந்தக் கடற்பஞ்சு இனமே. அமெரிக்காவின் புளோரிடாக் கரையிற் கிடைத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து, 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேர்க்மன் என்பவர் சில அரிய பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றின் அமைப்பைத் தழுவி ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட மருந்தே சைற்றரபீன். உயிரணு பெருகும்போது தன் மரபுப்பொருளைப் படியெடுக்கிறது. அவ்வேளையில் இம்மருந்து, சுவரிடையே வைத்த போலிக் கல்லைப் போலப் புகுந்து, மேற்கொண்டு கட்டவொட்டாது தடுக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்கு இது பெருந்துணை. ஆனால், உடலில் விரைவில் சிதைந்துவிடும்; நல்ல உயிரணுக்களையும் வாட்டும்.

இக்குறையைப் போக்க முயல்வதே நுண்மருத்துவம். அது புதிய மருந்தைத் தேடுவதினும், பழைய மருந்துக்குத் தக்க ஊர்தியை அமைப்பதிலேயே பெரிதும் கருத்தூன்றுகிறது. கொழுப்புப் பொருளாலான நுண்குமிழி அத்தகைய ஊர்தி. பத்தாயிரம் குமிழிகளை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீற்றர் நீளமே வரும்! சைற்றரபீனையும், மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த டோனோரூபிசின் என்னும் மருந்தையும் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரே குமிழியில் அடைத்தனர். தனித்தனியே செலுத்தினால் உடலினுள் இவ்வளவு குலைந்துவிடும். குமிழியினுள்ளோ, என்புமச்சையை அடையும்வரை நிலைத்திருக்கும். 2017 இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

பயன் யாது? கொடியவகை இரத்தப் புற்றுநோயுற்ற, அறுபது முதல் எழுபத்தைந்து வயதுவரையான 309 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. பழைய முறையில் மருந்து பெற்றோரிற் பாதிப்பேர் ஏறத்தாழ ஆறு மாதம் கடந்து வாழ்ந்தனர். குமிழிமருந்து பெற்றோரிற் பாதிப்பேர் ஒன்பதரை மாதம் கடந்து வாழ்ந்தனர். மருந்துகள் அவையே, ஊர்தி வேறு. மூன்றரை மாதம் சிறிதெனத் தோன்றலாம். நோயாளியின் இல்லத்தார்க்கு அது சிறிதன்று. எனினும், அது நோயை வென்றுவிட்டதாகவும் ஆகாது.

ஆதலின், கடற்பஞ்சை அரைத்துண்டால் நோய் தீரும் என எவரேனும் கூறின் நம்பற்க. கடலடிப் பொருளொன்று இந்நுண்மருந்தாக வளர்வதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நீங்காத காய்ச்சலோ, காரணமற்ற சோர்வோ, முரசில் இரத்தக் கசிவோ கண்டால், மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைச் சோதிப்பித்தலே அறிவுடைமை. எத்துணைச் சிறந்த ஊர்தியாயினும், காலந்தாழ்த்திப் புறப்பட்டால் அதனால் ஆவது குறைவே.