7 அடி 4 அங்குல வாலிபர்! உடம்பு தாங்குமா?

அந்த வாலிபர் நம் வீட்டு வாசலில் நுழைய வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். உயரம் 7 அடி 4 அங்குலம். இரண்டு கைகளையும் விரித்தால், ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை 8 அடி!

பெயர் விக்டர் வெம்பன்யாமா. கூடைப்பந்து வீரர். பிரெஞ்சு நாட்டுக்காரர். 2004-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். தாயார் கூடைப்பந்து ஆடியவர். பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர். தகப்பனார் காங்கோ வம்சாவளியினர். அவரும் விளையாட்டு வீரர்தான்.

கூடைப்பந்தில் கூடை இருப்பது 10 அடி உயரத்தில். நாம் எம்பிக் குதித்தாலும் எட்டாது. இவர் நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் போதும், சில அங்குலங்களே பாக்கி! எதிரி எறிந்த பந்தை நடுவழியிலேயே தட்டி விடுகிறார்.

இவ்வளவு உயரமானவர்கள் பொதுவாகக் கூடைக்கு அடியிலேயே நிற்பார்கள். ஓட்டம் கொஞ்சம் மந்தம். இவரோ குள்ளமான ஆட்டக்காரரைப் போல் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுகிறார். தூரத்தில் நின்றும் கூடையில் போடுகிறார். அதுதான் ஆச்சரியம்!

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் சான் அன்டோனியோ கோஷ்டி இவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. முதல் வருஷமே ஆட்டத்துக்குச் சராசரி 21 புள்ளிகள். சிறந்த புதுமுகம் யார் என்று ஓட்டு எடுத்தபோது, ஒருவர் விடாமல் இவருக்கே போட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை எதிர்த்து 26 புள்ளிகள் எடுத்தார். பிரான்ஸ் தோற்றது, வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

தோளில் வந்த ஆபத்து

2025 பிப்ரவரியில் இடி விழுந்தது. வலது தோளில், ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கட்டி வளராமல் தடுக்க மருந்து உண்டு. ஆனால், அதைச் சாப்பிடும்போது அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. முட்டி மோதி விளையாட முடியுமா? அந்த வருஷம் நடந்த 82 ஆட்டங்களில் அவர் ஆடியது 46 மட்டுமே.

உயரமே எமனான கதை முன்பும் உண்டு. சீன வீரர் யாவ் மிங் 7 அடி 6 அங்குலம். அத்தனை பாரத்தைச் சுமந்த பாத எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தது. 2011-ல், 30 வயதிலேயே ஆட்டத்தை விட்டார்.

வெம்பன்யாமாவுக்கு இது தெரியாதா? 2025 ஜூன் மாதம் சீனாவில் உள்ள ஷாவோலின் மடத்துக்குப் போனார். (காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதி தர்மர் தங்கியதாகக் கர்ண பரம்பரையாகச் சொல்வார்களே, அதே மடம்தான்!) தலையை மழித்துக்கொண்டு, துறவிகளோடு சேர்ந்து உடம்பை வளைக்கப் பழகினார்.

ஜூலையில் டாக்டர்கள் அனுமதி கொடுத்தார்கள். அக்டோபர் 22-ந் தேதி, புது வருஷத்தின் முதல் ஆட்டம். டல்லாஸ் கோஷ்டிக்கு எதிராக 40 புள்ளிகள்! அப்போது அவருக்கு வயது 21.

திறமையைப் பற்றி இனிச் சந்தேகம் இல்லை. இந்த உடம்பை 82 ஆட்டத்துக்கும் ஓட ஓட விரட்டக்கூடாது என்பதே நம் கருத்து. நடுநடுவே உட்கார வைக்க வேண்டும். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்!