சர்க்கரைக்கும் பாலுக்கும் ஒரே கணக்கா?

நவி மும்பையின் சான்பாடாக்காரர்களுக்கு வாஷி ஏபிஎம்சி மொத்தச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே எல்லாமே கிலோ கணக்கு. உணவு உற்பத்தியால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பையும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அளந்து வந்தார்கள். மனிதனுக்குக் கிடைக்கும் சத்தையும் சேர்த்து அளப்பது எப்படி என்று 2021-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையொட்டிச் சில சந்தேகங்கள்.

கிலோ கணக்கில் என்ன தப்பு?

119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை வைத்து பூர், நெமெசெக் ஆகிய இருவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உலகச் சராசரியில் ஒரு கிலோ கரும்புச் சர்க்கரைக்கும் ஒரு லிட்டர் பாலுக்கும் வெளியாகும் பசுமைக்குடில் வாயு ஏறக்குறைய ஒன்றுதான்: 3 கிலோவுக்குச் சற்று மேல். கலோரியை வைத்துக் கணக்கிட்டால் பால் ஐந்து மடங்குக்கு மேல் மோசம். அதற்காகப் பிள்ளைக்குப் பாலை நிறுத்திச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்போமா? புரதம், கால்சியம் என்று எண்ணத் தொடங்கினால் சர்க்கரை போட்டியிலேயே இல்லை.

நம் அரிசி?

தண்ணீர் தேங்கிய நெல்வயல் மீத்தேனை வெளியிடுகிறது. பாசன நீரையும் நிறையக் குடிக்கிறது. இந்தியாவில் நெல்லுக்குப் பதில் மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு, சோளம் இவற்றில் பொருத்தமானதை விளைவித்தால் என்ன ஆகும் என்று கைல் டேவிஸ் குழு 2018-ல் கணக்கிட்டது. தானியப் பாசன நீர்த் தேவை 33% குறையலாம். உற்பத்தியாகும் இரும்புச்சத்து 27%, துத்தநாகம் 13% கூடலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. அந்த நாட்டில் இரும்பை எண்ணாத அளவுகோல் எதற்கு?

ஆனால் தானியத்தில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்துக்கும் குறைவு. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இந்தச் சத்து சேர்வதைத் தடுக்கும். ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும். சமையலறை வேலையும் கணக்குக்குள் வரவேண்டும் என்பேன்.

எந்தச் சத்தை எண்ணுவது? யார் முடிவு செய்வது?

இதுதான் சரியான சந்தேகம். 2010-ல் சுவீடனில் 21 சத்துகளை வைத்துப் பானங்களை வரிசைப்படுத்தினார்கள். பால் முதலிடம். ஆய்வாளர்களில் பலர் அந்நாட்டுப் பால் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்! நல்ல சத்துகளை மட்டும் எண்ணினார்கள். நிறைவுற்ற கொழுப்புக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. முறையே தவறு என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். பட்டியல் எது வந்தாலும், போட்டவர் யார் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சாம்பார் சாதத்தை எப்படி அளப்பது?

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. தனித்தனியே அளந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் குறையும். பிசைந்து சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். துவரை பெரும்பாலும் மானாவாரிப் பயிர், மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். ஆகவே பொருளை விட்டுத் தட்டை அளப்பதே நியாயம்.

லாரியில் வருவதைத் தவிர்த்தாலே போதாதா?

போதாது. பெரும்பாலான உணவுகளில் போக்குவரத்தின் பங்கு பத்து சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பங்கு நிலத்திலும் வயலிலும் தொழுவத்திலும். விமானத்தில் வந்திறங்கும் பழத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.